அறுவடை முடிந்ததும் அப்பா அம்மாவோடு மலேசியா: எங்கே போகலாம்?

வெட்டாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கொரடாச்சேரி பக்கம், வேலை திருச்சியில். சம்பா அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணமும் வந்துவிட்டால் அப்பாவுக்கு ஒரு மாதம் ஓய்வு. அந்த நேரத்தில், மாசி வாக்கில், அவரையும் அம்மாவையும் பத்து நாள் மலேசியா அழைத்துப்போகலாம் என்று இருக்கிறேன். மூன்று பேருக்குமே இதுதான் முதல் வெளிநாடு.

தஞ்சாவூரில் ஒரு ஏஜெண்டிடம் கேட்டேன். நான்கு இரவு, ஐந்து பகல். இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை, பத்துமலையில் ஒரு மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் கடைத்தெரு, மூன்று வேளையும் இந்திய உணவு என்று ஒரு தாளைக் கொடுத்தார். மலாய்க்காரர், சீனர், நம்மாட்கள், இன்னும் எத்தனையோ பேர் சேர்ந்து வாழ்கிற நாட்டுக்குப் போய், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிக் கும்பிடுகிறார்கள், அந்த மண் எப்படி இருக்கிறது என்று எதையும் பார்க்காமல் திரும்புவதற்கா இவ்வளவு செலவு என்று மனசு ஒப்பவில்லை.

அப்பாவுக்கு 67 வயது. பன்னிரண்டு மா, ஏறக்குறைய நாலு ஏக்கர், சொந்த நிலம், இன்னும் அவரேதான் வயலில் இறங்குகிறார், முட்டிவலி உண்டு. அம்மா பல வருஷமாகக் கவுச்சி தொடுவதில்லை. நான் எதையும் சாப்பிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவின் பெரியப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயா போனவர். நடுவில் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தாராம். அப்போது கொண்டுவந்த பச்சைப் பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடியின் உள்பக்கம் ஒரு சீனக் காலண்டர் படத்தை ஒட்டியிருக்கிறார். பாதி கிழிந்துபோய், விசிறி பிடித்த ஒரு பெண்ணின் முகமும் இரண்டு விரலும் மட்டும் மிச்சம். பட்டா, சிட்டா, பேங்க் புத்தகம் எல்லாம் அப்பா அதில்தான் வைப்பார். கடைசிக் கடிதம் சுங்கைப்பட்டாணியிலிருந்து வந்ததாம், 1974 அல்லது 75. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவரைத் தேட வேண்டும் என்று அப்பா கேட்கவில்லை. "அந்த மண்ணை ஒரு தடவை மிதிச்சுட்டு வந்தா போதும்" என்று மட்டும் சொன்னார்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எந்த ஊரில் தங்குவது, எதை விடக்கூடாது, அம்மா என்ன சாப்பிடுவார்?

நாகூர் நானா:

தங்கச்சி, நேரே பினாங்கு போங்கள். கோலாலம்பூருக்கு ஒன்றரை நாள் போதும், மிச்சத்தை வடக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பினாங்கில் இருந்த காலம் உண்டு. என் மாமா அங்கே கடை வைத்திருந்தார். வாப்பா ரஜூலா கப்பலில் டெக் பயணியாகப் போனவர்; மெட்ராஸில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிப் பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும் கப்பல் அது, 1926இலிருந்து 1973 வரை ஓடியது. உங்கள் அப்பாவின் பெரியப்பாவும் அநேகமாக அதில்தான் போயிருப்பார். அப்புறம் சிதம்பரம் கப்பல் வந்தது, 1985இல் அதில் தீப்பிடித்தபிறகு அந்தக் கடல்வழியே நின்றுபோனது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் நின்று பார்த்தால் இப்போது யாருக்கும் நம்பிக்கை வராது, ஆனால் இங்கிருந்துதான் டெல்டா பாதி அந்தக் கரைக்குப் போனது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு தெரு இருக்கிறது. முன்பு பிட் தெரு, இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. ஒரு முனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் நடந்தால் சீனர்களின் குவான் யின் அம்மன் கோயில். அதைத் தாண்டினால் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அதன் முகப்பு குயின் தெருவைப் பார்த்து இருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் நம் தமிழ் முஸ்லிம்கள் 1801இல் தொடங்கிய பள்ளிவாசல். எல்லாம் உங்கள் அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத் தூரம்தான். பக்கத்திலேயே சூலியா தெருவில் ஒரு சின்னக் கட்டடம், நாகூர் தர்கா என்று பெயர். நம் ஊர் எஜமான், நாகூர் ஆண்டவரின் பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலை ஏழு மணிக்குப் போங்கள். குவான் யின் கோயில் வாசலில் ஊதுபத்திப் புகை சாம்பிராணி போட்டதுபோல் எழும்பும், ஒரு சீனப் பாட்டி மூன்று பத்தியை நெற்றிக்கு நேராகத் தூக்கி மூன்று தடவை குனிவார், பக்கத்துக் கடையில் நம் பெண்மணி ஒருவர் சாமந்தி தொடுத்துக்கொண்டிருப்பார், அவரிடம் பூ வாங்கிப்போகிறவர்களில் சீனர்களும் இருப்பார்கள். யாரும் யாரையும் வேடிக்கை பார்ப்பதில்லை. நாம்தான் நின்று பார்க்கிறோம்.

சாப்பாடு. நாசி கண்டாரை விடாதீர்கள். அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் காவடிக் கட்டைபோல ஒரு கழியைத் தோளில் போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புச் சட்டி என்று துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தூக்கிப்போய் விற்றார்கள். அந்தக் கழிக்கு மலாயில் கண்டார் என்று பெயர். இப்போது கடையில் வரிசையில் நின்று காட்டினால் போதும். சோற்றை வைத்து, நீங்கள் கேட்ட கோழி, மீன், வெண்டைக்காய் எல்லாம் வைத்து, கடைசியில் அந்த ஆள் மூன்று நான்கு சட்டியிலிருந்து அகப்பை அகப்பையாகக் குழம்பை மேலே ஊற்றுவார். நன்றாக ஊற்றச் சொல்ல வேண்டுமானால் 'பஞ்சிர்' என்று சொல்லுங்கள், வெள்ளம் என்று அர்த்தம். கோழிக்குழம்பு, மீன்குழம்பு, பருப்பு எல்லாம் சோற்றுக்கடியில் கலந்து வரும் அந்த ருசியைத் தனித்தனியாக ஊற்றினால் கொண்டுவர முடியாது. பக்கத்து மேசையில் மலாய்க் குடும்பம், எதிரில் கல்லூரிச் சீனப் பிள்ளைகள், எல்லோரும் அதையேதான் சாப்பிடுவார்கள்.

அஸாம் லக்சா நீங்கள் சாப்பிடலாம். நம் கானாங்கெளுத்தியை வேகவைத்து உதிர்த்து, புளி விட்டு, அரிசிச் சேமியா மாதிரி தடித்த நூலில் ஊற்றி, மேலே புதினாவும் அன்னாசியும் நறுக்கிப் போடுவார்கள். முதல் வாய் என்னடா இது என்றிருக்கும், மூன்றாவது வாயில் நம் வீட்டு முதல்நாள் மீன்குழம்பு ஞாபகம் வரும்.

அம்மாவுக்குத்தான் கவனம் வேண்டும். வெறும் கீரை வதக்கல்தானே என்று வாங்கினால் அதில் பெலாச்சான் இருக்கும், இறால் விழுது. சம்பல் எல்லாவற்றிலும் அது உண்டு. "இக்கான், உடாங், பெலாச்சான் தா மாவ்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மீன், இறால், அந்த விழுது வேண்டாம் என்று பொருள். சீனர்களின் சைவக் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு, பலவற்றில் பூண்டு வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. அவர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவார்கள். ஏறக்குறைய நம் அமாவாசை, பௌர்ணமிதான். அந்த நாட்களில் கடை நிரம்பி வழியும், அம்மாவுக்கு நல்ல துணை.

ஒரு விஷயம், இப்போதைய வருஷங்களில் மாசியை ஒட்டி நோன்பு வருகிறது. தேதி பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பில் பகலில் பல கடைகள் மூடியிருக்கும், ஆனால் சாயங்காலம் தெருவை அடைத்துப் போடுகிற ரமலான் சந்தையைப் பார்க்க அதுதான் சமயம்.

மன்னை மாதவி:

நானா சொன்னது அத்தனையும் சரி. நான் போக்குவரத்து விஷயம் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம், சென்னைக்குப் போய் அலைய வேண்டாம். நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை, அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள்; அதற்குப் பிறகு போவதானால் டிக்கெட் போடும் முன் ஒரு தடவை பாருங்கள். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் எதிலும் நிரப்பாதீர்கள், எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரு தளத்தில் பணம் கட்டி ஏமாந்தோம், திரும்ப நாங்களே ஐந்து நிமிஷத்தில் சும்மா நிரப்பினோம்.

அறைக்கு ஒரு இரவுக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள், தங்குமிடத்தில் கேட்டால் பதற வேண்டாம். அங்கே ரிங்கிட்டை நம்மாட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயில், சுமார் நாலு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போய்ப் படகில் ஏறினால் கால் மணியில் ஜார்ஜ் டவுன். விமானத்தில் போகாதீர்கள், அந்தப் படகில்தான் பினாங்கு மலையும் ஊரும் ஒன்றாக எழுந்து வருவதைப் பார்க்க முடியும். கப்பலில் வந்தவர்கள் பார்த்ததும் அதே மலையைத்தான்.

முட்டிவலிக்காரருக்கு: பத்துமலை 272 படி, பினாங்கு தண்ணீர்மலை முருகன் 513 படி. இரண்டிலும் கீழே நின்று கும்பிடலாம், பத்துமலையில் 42.7 மீட்டர் முருகன் சிலை கீழேதான் நிற்கிறது. மேலே ஏறியே தீரவேண்டும் என்று யாரும் அவசரப்படுத்த வேண்டாம். பினாங்கு மலைக்குக் கயிறு இழுக்கும் ரயில் 1923இலிருந்து ஓடுகிறது, அதில் உட்கார்ந்தபடியே போகலாம். குளிராக இருக்கும், ஒரு சால்வை.

குடந்தை வாத்தியார்:

அம்மா, நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். உங்கள் பதிவில் சுங்கைப்பட்டாணி என்ற பெயரைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊர் கெடா மாநிலத்தில் இருக்கிறது. கெடாதான் நம் கல்வெட்டுகளில் வரும் கடாரம்.

ராஜேந்திர சோழன் 1025ஐ ஒட்டிக் கடாரத்துக்குக் கடற்படை அனுப்பியதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு இருபது வருஷம் முன்னால் நடந்ததைத்தான் நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். கடாரத்து அரசன், ஸ்ரீவிஜய மன்னன், நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை கட்டினான், சூடாமணி விகாரம். அதற்கு ராஜராஜன், தான் சைவனாக இருந்தும், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் மானியமாகக் கொடுத்தான். ஆனைமங்கலம் கீழ்வேளூர் பக்கம் இன்றும் இருக்கிறது, கொரடாச்சேரியிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். வேறு நாட்டு அரசன், வேறு சமயம், அவன் கட்டிய விகாரைக்கு நம் வயலில் விளைந்த நெல். பல இனத்து மக்கள் கூடி வாழ்வதைப் பார்க்கக் கடல் கடந்து போகிறோம், சரிதான், ஆனால் ஆயிரம் வருஷம் முன் நாகப்பட்டினமே அப்படிப்பட்ட ஊர். அங்கே மண்ணுக்கடியிலிருந்து 300க்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்திருக்கின்றன. விகாரையின் கோபுரம் ஒன்று 1867இல் இடிக்கப்படும்வரை நின்றது. கிளம்பும் முன் ஒரு நாள் அப்பாவை ஆனைமங்கலத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் அழைத்துப்போங்கள். பயணம் அங்கிருந்து தொடங்கட்டும்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து கொஞ்ச தூரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. ஜெராய் மலை, 1217 மீட்டர், அதன் அடிவாரத்தில் அருங்காட்சியகமும், புக்கிட் பத்து பகாட் என்ற கோயிலின் அடித்தளமும் இருக்கின்றன. பெரிய கோயிலை எதிர்பார்த்துப் போகக்கூடாது. கருங்கல்லால் கட்டிய தளம், தூண்கள் நின்ற குழிகள், படிகள், அவ்வளவுதான். மேலே மரக்கூரை இருந்து மக்கிப்போனது. பக்கத்தில் பாறை நடுவே ஓடை விழும். நான் போனபோது என்னைத் தவிர யாரும் இல்லை. ஒரு தூண் குழியில் முந்தின நாள் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஒரு இலை சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

உங்கள் அப்பா விவசாயி என்பதால் இன்னொன்று, இதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும் என்று அடித்துச் சொல்வேன். சுங்கைப்பட்டாணியிலிருந்து வடக்கே அலோர் ஸ்டார் போகும் வழி முழுக்க நெல் வயல். மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று கெடாவைத்தான் சொல்வார்கள், நம்மை இங்கே சொல்வதுபோல. மூடா பாசனத் திட்டம், சுமார் 96,000 ஹெக்டேர். பெடு, மூடா என்று இரண்டு அணைகள், நடுவே மலையைக் குடைந்து ஒன்றின் தண்ணீரை மற்றொன்றுக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு முன் மழையை நம்பி ஒரு போகம், 1970இலிருந்து இரண்டு போகம். மேட்டூர் எப்போது திறப்பான் என்று ஜூன் 12ஐ எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம்மவருக்கு அந்த வாய்க்கால் மதகுகளைப் பார்த்தாலே ஆயிரம் கேள்வி வரும். நாற்றங்கால் குறைவு, பெரும்பாலும் நேரடி விதைப்பு. நான் போனது தை கடைசியில், வயல் பழுத்துக் கிடந்தது, வரப்பில் தென்னை, தூரத்தில் ஜெராய் மலை. நம் ஊரில் மலை கிடையாது, அதனால் நெல் வயலுக்குப் பின்னால் மலை நிற்பதைப் பார்க்கவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அலோர் ஸ்டார் பக்கத்தில் நெல்லுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் உண்டு.

பின்கட்டு:

எல்லோரும் பினாங்கு கெடா என்கிறீர்கள், அங்கே பார்ப்பதில் பாதி நம்மையேதான். வேறு மக்களைப் பார்க்க வேண்டுமானால் போர்னியோ தீவில் இருக்கும் சரவாக் மாநிலத்துக்குப் போகவேண்டும் என்பது என் கருத்து. நான் பிந்துலுவில் நான்கு வருஷம் வெல்டராக இருந்தேன். இபான் மக்களின் நீள வீடு, ஒரே கூரையின்கீழ் இருபது முப்பது குடும்பம், முன்னால் பொதுத் திண்ணை. ஜூன் 1, 2 கவாய் பண்டிகை, அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். ஒரு தடவை உடன் வேலை செய்தவர் அழைத்துப்போனார். வீட்டுக்கு வீடு நுழைந்து சாப்பிட வேண்டும், மூங்கிலில் அடைத்துச் சுட்ட கோழி, புது அரிசிச் சோறு. வேண்டாம் என்று சொல்ல முடியாது. நம் பொங்கல்தான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

கூச்சிங் பக்கம் செமங்கோவில் ஒராங் உத்தான் குரங்கு, பாக்கோ காட்டில் நீள மூக்குக் குரங்கு. சரவாக்குக்குள் போக உள்நாட்டு விமானமாக இருந்தாலும் பாஸ்போர்ட்டைத் திரும்பக் காட்ட வேண்டும், அதற்குத் தனிக் குடியேற்றச் சோதனை.

வெட்டாற்றங்கரை:

படிக்கப் படிக்க அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். சரவாக் அண்ணே, ஆசையாக இருக்கிறது, ஆனால் பத்து நாளில் அப்பாவை இரண்டு இடத்துக்கும் இழுக்க முடியாது. வாத்தியார் ஐயா, மூடா திட்டத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, அங்கே கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்பது.

தைப்பிங் மருமகள்:

அக்கா, நான் பிறந்தது வளர்ந்தது தைப்பிங், கல்யாணமாகி மயிலாடுதுறைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. என் பாட்டி குத்தாலம் பக்கத்திலிருந்து போனவர். அதனால் இரண்டு பக்கமும் எனக்குச் சொந்த ஊர்தான்.

அங்கே போனால் முதலில் ஒரு வார்த்தை காதில் விழும், "பசியாறியாச்சா?" காலைச் சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் சொல். இட்லி தோசை மட்டும் இல்லை, நாசி லெமாக்கும் பசியாறல்தான். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரி, அரை முட்டை, சம்பல், எல்லாம் வாழையிலையில் கூம்பாக மடித்திருக்கும். மலாய்க்காரர் சமைப்பது, ஆனால் எங்கள் தமிழ்ப்பள்ளி வாசலில் நாங்கள் தினமும் சாப்பிட்டது. இங்கே வந்த புதிதில் அத்தை கடையிலிருந்து நெத்திலி வாங்கி வந்து, வாழைத்தோட்டத்தில் இலை அறுத்து, எனக்காகச் செய்து கொடுத்தார். அந்த இலை வாசம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

சீனர் காப்பிக் கடையில் உட்காருங்கள். பளிங்குக் கல் போட்ட வட்ட மேசை, மர நாற்காலி. கொட்டையைச் சீனியும் வெண்ணெய் மாதிரி ஒரு கொழுப்பும் போட்டு வறுப்பதால் காப்பி கன்னங்கரேல் என்று இருக்கும். கும்பகோணம் டிகிரி காப்பி குடித்து வளர்ந்தவருக்கு அது காப்பியே இல்லை என்று தோன்றும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாமல், 'கொசோங்' என்றால் சீனி இல்லாமல். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் 'கோப்பி ஓ கொசோங்' என்று சொன்னால் போதும், பத்து நாளும் ஓட்டலாம்.

நானா அண்ணன் சொன்ன தெரு உண்மை, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் எப்போதும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். பள்ளிக்கூடமே மலாய், சீனம், தமிழ் என்று பிரிந்துதான் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகள் மட்டும் 500க்கு மேல், முதல் தமிழ் வகுப்பு 1816இல் பினாங்கில் தொடங்கியது. பன்றிக்கறி விற்கும் கடைக்கு மலாய்த் தோழி வரமாட்டாள், மாட்டுக்கறிக் கடைக்கு எங்கள் அம்மா வரமாட்டார். 2020 கணக்குப்படி குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடுதான். வருத்தங்கள் உண்டு, வீட்டுக்குள் பேசிக்கொள்வோம். ஆனாலும் தீபாவளியன்று எங்கள் வீட்டுக் கதவு காலையிலிருந்து ராத்திரி வரை திறந்திருக்கும், அதற்குத் திறந்த இல்லம் என்றே பெயர். மலாய்த் தோழிகள் வருவார்கள் என்று அம்மா புதுச் சட்டி வாங்கி, ஹலால் கோழி வாங்கி, அதைத் தனி அடுப்பில் வைப்பார். சீனப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிருத்திகைக்கு மாட்டுக்கறி சமைக்கமாட்டார், எங்கள் வீட்டுக்கு வாசம் வரும் என்று. இப்படி ஒருவருக்காக ஒருவர் சட்டியைப் பிரித்து வைப்பதுதான் நான் வளர்ந்த கூட்டு வாழ்க்கை. சுற்றுலாவில் அது கண்ணில் படாது, யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள்.

பெரியப்பா விஷயம். கடிதம் நின்ற காலத்தைப் பாருங்கள். அதற்குமுன் ஐம்பது அறுபதுகளில் பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள், தோட்டத் துண்டாடல் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போனவர்கள் ஏராளம். அதனால்தான் அப்போது மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். மிச்சமிருந்த ரப்பர் தோட்டங்களிலும் பிறகு செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, வந்துவிட்டது. அதனால் அவர் பால் வெட்டிய தோட்டம் இன்று அதே பெயரில் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் தோட்டம் போனாலும் கோயில் பெரும்பாலும் நிற்கும். ஒரு காளியம்மன், ஒரு முனியாண்டி, ஒரு மாரியம்மன். கடித உறை இருந்தால் அதில் தோட்டத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சுங்கைப்பட்டாணியில் ஒரு கோயிலில் காட்டி, வயதானவர்களைக் கேளுங்கள். ஆள் கிடைக்காவிட்டாலும் மண் எது என்று காட்டிவிடுவார்கள்.

வெட்டாற்றங்கரை:

இதைப் படித்துவிட்டு நேற்று ஊருக்குப் போய்ப் பெட்டியை முழுக்க இறக்கிப் பார்த்தோம். கடிதம் இல்லை, உறை மட்டும் இரண்டு, பட்டா கட்டுக்கு அடியில். ஒன்றில் மை அழிந்துவிட்டது. இன்னொன்றில் ஆங்கிலத்தில் ஒரு பெயரும், அதற்குப் பக்கத்தில் எஸ்டேட் என்பதும், மூன்றாவது டிவிசன் என்பதும் தெரிகிறது. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டார், இப்போதே.

இப்போதைய திட்டம்: கோலாலம்பூர் ஒரு இரவு, ரயிலில் பட்டர்வொர்த், பினாங்கில் நான்கு இரவு, பிறகு சுங்கைப்பட்டாணி இரண்டு இரவு, அலோர் ஸ்டார் ஒரு இரவு, திரும்ப ரயில். கெந்திங் கிடையாது. நோன்பு நேரத்தில் போவதென்றே முடிவு செய்திருக்கிறோம், அப்பாவுக்கு அந்தச் சந்தையைப் பார்க்க வேண்டுமாம்.

இரண்டு கேள்வி. பினாங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் பஸ்ஸா ரயிலா? அப்புறம் அப்பா, அங்கே விதைக்கும் நெல்லில் ஒரு கைப்பிடி கிடைத்தால் கொண்டுவந்து நம் வயல் ஓரத்தில் போட்டுப் பார்க்கலாமா என்கிறார்.

குடந்தை வாத்தியார்:

விதை வேண்டாம் அம்மா. அனுமதி இல்லாமல் விதை நெல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள், நோய் பரவும் என்பதால் சட்டம் கடுமை, அது நியாயமும்கூட. வரப்பில் நின்று ஒரு கதிரைப் பிடித்து மணி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், நம் ஆட்கள் அதிலேயே முக்கால்வாசி தெரிந்துகொள்வார்கள்.

தைப்பிங் மருமகள்:

ரயில்தான் அக்கா. படகில் பட்டர்வொர்த் வந்து, பாடாங் பெசார் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறுங்கள், சுங்கைப்பட்டாணி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அடுத்து அலோர் ஸ்டாருக்கும் அதே தடம்தான். ஊரைத் தாண்டி வடக்கே போகப் போக இரண்டு பக்கமும் வயல் ஆரம்பிக்கும், அப்பாவை ஜன்னல் ஓரம் உட்காரவையுங்கள். உறையில் இருக்கும் தோட்டப் பெயரை இங்கே பொதுவில் போட வேண்டாம், எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். என் சித்தப்பா அந்தப் பக்கம் லாரி ஓட்டியவர், கேட்டுச் சொல்கிறேன்.